ஓட மறுத்த மாடுகளும் அத்தானும்

கூண்டின் கதவு படாரென்று திறந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் குதிரைகள் பாய்ந்தன. பக்கத்துக் காணிக்காரரின் தொப்பிக்கு மேலே கயிற்று வளையம் சுழன்றது. மைதானத்தின் பாதித் தூரம் போன பிறகுதான் அவர் தமக்கு முன்னால் மாடு இல்லை என்பதைக் கவனித்தார். மாடு கூண்டுக்குள்ளேயே நின்றது. பிறகு, தேநீர் இடைவேளைக்குக் கிளம்பும் அரசாங்க உத்தியோகத்தரைப்போல மெதுவாக வெளியே வந்து, இடப்பக்கம் திரும்பி, வேலியோரம் நின்ற என் அத்தானிடம் நடந்து போய், அவருடைய சேட்டுப் பைக்குள் நாக்கை விட்டது. அத்தான் குதிரைக்காரர்களையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தபடி, "இப்ப இல்லை, பிறகு" என்று அந்த மாட்டுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அத்தான் என் அக்காவின் கணவர். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்தார். இடுப்பு எலும்பு மாற்றிய மறுநாள், இனிக் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்யும் முதியவர்களை நடக்க வைப்பது அவர் தொழில். அதட்டத் தெரியாதவர். ஒரு கிழவர் வலது காலை ஓரங்குலம் முன்னால் வைக்க அரை மணி நேரம் எடுத்தால் அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கிழவர் கிரேக்கராக இருந்தாலும் அதே வாங்கோதான். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்திலிருந்து அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். படித்து முடித்து மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்த வருடம்தான், குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் இருந்த வீட்டை விட்டு, இன்னும் வடமேற்கே ஐந்து ஏக்கர் காணியோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனோம். இப்போது அந்தப் பாதையில் மூன்று ரவுண்டபவுட்டும் வீடு விற்பவர்களின் ஒரு காட்சி வீட்டு வரிசையும் வந்துவிட்டன. 2004இல் அங்கே புல் மட்டும்தான் இருந்தது.

அந்தப் புல்தான் தொடக்கம். காணியில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது, வெட்டுங்கள் என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அத்தான் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, மாலைக்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்கு வெட்டி, மறுநாள் தானே பிசியோதெரபி செய்துகொள்ளும் நிலைக்கு வந்தார். அதைப் பார்த்த பக்கத்துக் காணிக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவர் வாரநாட்களில் கொங்கிரீட் லொறி ஓட்டுபவர். சனிக்கிழமைகளில் மனைவியோடு சேர்ந்து குதிரையில் ஏறி மாட்டுக்குக் கயிறு எறிபவர். அவரிடம் ஆறு மாடுகள் இருந்தன, மேய்ச்சல் போதவில்லை. எங்களிடம் புல் இருந்தது, மாடு இல்லை. வேலியில் ஒரு படலையைத் திறந்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். அத்தான் யோசிக்கவே இல்லை. தன் காணியில் மாடு நிற்கப் போகிறது என்ற சந்தோசத்தில் அக்காவைக் கேட்காமலே ஓம் என்றார். வந்தது பசு அல்ல, கொம்பு வைத்த, காயடித்த காளைகள் என்று தெரிந்தபோதும் அவர் முகம் வாடவில்லை. அக்காவின் முகத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

விளையாட்டு இதுதான். மாட்டை ஓர் இரும்புக் கூண்டுக்குள் நிறுத்துவார்கள். கதவு திறந்ததும் அது மைதானத்தின் மறுமுனைக்கு நேராக ஓட வேண்டும். ஒருவர் கொம்புக்குக் கயிறு எறிவார், மற்றவர் பின்னங்கால்களுக்கு. மாடு ஒரு கணம் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் இழுபட்டு நிற்கும். உடனே கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். கயிறு உரசாமல் இருக்கக் கொம்படியையும் காதையும் மூடித் தடித்த பட்டி கட்டுவார்கள். அதைக் கட்டிய மாடு குளிருக்குக் காதை மூடும் மங்கி கப் தொப்பி போட்ட பென்சன்காரர்போல இருக்கும்.

மாடுகளைக் கொண்டுவந்து விட்ட அன்று காணிக்காரர் எங்களுக்கு அவற்றின் குணத்தை விளக்கினார். நான் அதை எழுதி குசினியில் பிரிஜ் கதவில் ஒட்டினேன். நல்ல கயிற்று மாடு நேராக ஓடும், ஒரே வேகத்தில் ஓடும், தலையைத் தாழ்த்தாது, நடுவழியில் நிற்காது. மிரட்டி வளர்த்தால் வேலியில் போய் மோதும். கொஞ்சி வளர்த்தால் ஓடவே ஓடாது. ஆகவே கையால் தீனி கொடுக்கக் கூடாது, நெற்றியைத் தடவக் கூடாது, நாயை விடக் கூடாது, கத்தக் கூடாது. நாம் கிட்டப் போனால் மாடு நாலடி விலக வேண்டும். பாய்ந்து ஓடினால் பயம் கூடிவிட்டது என்று அர்த்தம். நின்று நம்மைப் பார்த்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வேலைக்குப் போய் வரும் மனிதனுக்கு முதலாளிமேல் எவ்வளவு அன்பு இருக்குமோ அவ்வளவுதான் மாட்டுக்கு நம்மேல் இருக்க வேண்டும் என்று முடித்தார். அத்தான் பட்டியலை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "சரியான கதை" என்று தலையாட்டினார்.

எனக்கு எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் உண்டு. அத்தான் கிட்டப் போகும்போது மாடு எத்தனை அடியில் விலகுகிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் குறித்து வந்தேன். முதல் வாரம் இருபது அடி. மூன்றாம் வாரம் ஆறு. ஐந்தாம் வாரம் பூச்சியம். அதற்குப் பிறகு அந்த அட்டவணை பயன்படவில்லை. அவர் கிட்டப் போவதற்கு முன்பே அவை அவரிடம் வந்துகொண்டிருந்தன. கேட்டால், தான் எதுவும் கொடுப்பதில்லை என்பார். பழைய பாண் ரொட்டித் துண்டுகளை மதிலில் காயவைத்திருந்தேன், அவை தாங்களாக எடுத்துக்கொண்டன என்பார். இதற்குள் பெயரும் வைத்துவிட்டார். ஒரு கொம்பு வளைந்த, கிராமத் தலைவரைப்போல எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் மாடு விதானையார். வேலை மேற்பார்வையாளரைப்போலத் தினமும் வேலிக்கட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும் மாடு ஓவசியர். வெள்ளையாக, எப்போதும் மற்றவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளியும் மாடு மாப்பிள்ளை. எல்லாருக்கும் வாங்கோ, போங்கோதான்.

செய்தி பிளாக்டவுன் தமிழ்க் கடைகள் வரை பரவியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து மாடுகளுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாட்டுக்குக் கீரை கொடுத்தால் சனி தோசம் போகும் என்று ஒருவர் சூப்பர்மார்க்கெட் கீரையைப் பிளாஸ்டிக் பையோடு நீட்டினார். ஓவசியர் பையைத்தான் முதலில் எடுத்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் புது வீடு கட்டிய ஓர் அன்ரி வேலிக்கு வெளியே நின்று மாப்பிள்ளையை நெடுநேரம் அளவெடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாற ஞாயிறு எங்கட வீடு குடிபூரல். இந்த வெள்ளையை ஒருக்காக் கொண்டு வந்து விடுமன்."

"அன்ரி, அது பசு இல்லை. நலமடிச்ச நாம்பன்."

"அரை மணித்தியாலம்தானே. ஆர் உத்துப் பாக்கப் போகினம்?"

"ஐயர் பாப்பார் அன்ரி," என்றாள் அக்கா குசினி யன்னலிலிருந்து. "அவர் பூசை செய்யிறது பின்பக்கத்துக்கு."

தை மாதம் பட்டிப்பொங்கல் வந்தது. அத்தான் ஆறு மாட்டையும் குளிப்பாட்டி, குங்குமப் பொட்டு வைத்து, பூக்கடையில் வாங்கிய செவ்வந்தியில் மாலை போட்டார். விதானையார் மாப்பிள்ளையின் மாலையைத் தின்றது, மாப்பிள்ளை ஓவசியரின் மாலையைத் தின்றது. காணிக்காரர் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, யார் என் மாடுகளுக்கு அடையாளம் வைத்தது என்று என்னைக் கேட்டார். அவர்கள் வழக்கில் இறைச்சிக்குப் போக ஒதுக்கிய மாட்டின்மேல்தான் நிறம் அடிப்பார்கள். அடுத்த சனிக்கிழமைதான் கூண்டின் கதவு திறந்து, மாடு நடந்து போய் அத்தானின் சேட்டுப் பைக்குள் நாக்கை விட்டது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே செய்தன. மாப்பிள்ளை மட்டும் வழியில் ஒரு தடவை நின்று குதிரையைப் பார்த்தது.

காணிக்காரர் கத்தவில்லை. குதிரையை விட்டு இறங்கிக் கயிற்றைச் சுருட்டியபடி, இன்னும் மூன்று வாரத்தில் தன் மைதானத்தில் போட்டி இருக்கிறது, சுற்றுவட்டாரத்திலிருந்து இருபது சோடி வருகிறார்கள், மாடு தருவதாகத் தான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஓடாத கயிற்று மாட்டுக்கு ஒரே இடம்தான் உண்டு. அன்றைக்குள் இவை ஓடாவிட்டால் இறைச்சிக்கூடத்து லொறிக்குச் சொல்லிவிட்டு வேறு ஆறு வாங்குவார். அதில் கோபம் இல்லை. அதுதான் அத்தானை உலுக்கியது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் அப்படியே இருந்தார்.

"நான் வாழைப்பழம் குடுத்தே ஆறையும் சாக்காட்டப் போறன்," என்றார்.

அக்காவுக்கு அந்த மாடுகள்மேல் எந்தப் பாசமும் இல்லை. ஆனால் அத்தானின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அன்றே வெள்ளிக்கிழமைக்காரர்களுக்குத் தொலைபேசியில் தடை போட்டாள். பாண் நிறுத்தப்பட்டது. அதன் பலன், ஆறு மாடுகளும் விடியற்காலையில் படுக்கையறை யன்னலுக்கு வெளியே வரிசையாக நின்று கத்தியதுதான். அடுத்ததாக அத்தான் அவற்றைப் பயப்படுத்த முடிவு செய்தார். மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றை மாட்டி, முகத்தை மூடி, அக்காவின் பெரிய சோற்றுப் பானையை அகப்பையால் அடித்துக்கொண்டு காணிக்குள் இறங்கினார். பானைக்குள் ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆறும் அவரைச் சுற்றி வளைத்தன. "போ, போ" என்று கத்த நினைத்தவர் வாயிலிருந்து "போங்கோ" தான் வந்தது. விதானையார் மழைக்கோட்டின் பொத்தான் ஒன்றைத் தின்றுவிட்டது. நாய் ஒன்றைக் கடன் வாங்கலாமா என்று கேட்டேன். காணிக்காரர் ஒரேயடியாக மறுத்தார். நாயால் ஓடிய மாடு பிறகு எதைக் கண்டாலும் ஓடும், வேலிக்குள்ளும் ஓடும் என்றார்.

என் தொழிலில் ஒரு நிரல் வேலை செய்யாதபோது, அது எங்கே வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இரண்டாம் வாரம் நான் அதைத்தான் செய்தேன். இந்த மாடுகள் ஓடாதவை என்று எல்லாரும் சொன்னோம், அது உண்மையல்ல. மாலையில் அத்தானின் கார் படலையில் திரும்பும்போது, காணியின் அடுத்த கோடியில் நின்றாலும் ஆறும் ஓடி வந்தன. ஓட்டக் கடிகாரம் பிடித்து ஐந்து நாள் பார்த்தேன். நேராக ஓடின, ஒரே வேகத்தில் ஓடின, தலை நிமிர்ந்திருந்தது, நடுவில் எதுவும் நிற்கவில்லை. பிரிஜ் கதவில் ஒட்டியிருந்த நான்கு குணமும் சரியாக இருந்தன. பிழை மாட்டில் இல்லை, அத்தான் நின்ற இடத்தில் இருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றால் மாடு பக்கத்தில் வரும். மைதானத்தின் மறுமுனையில் நின்றால் மறுமுனைக்கு வரும். தாளைக் கொண்டுபோய்க் காணிக்காரரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். புது மாட்டைப் பழக்கும்போது மறுமுனையில் தீனி வைப்பது எல்லாரும் செய்வதுதான், ஒரு மனிதரைத் தீனியாக வைத்ததைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார்.

அத்தான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. "நான் கூப்பிட, அதுகள் என்னை நம்பி ஓடி வர, இடையில கயிறு போடுறதோ?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள். "கயிறு ஒரு நிமிசம். லொறி ஒரேயடியா."

அந்தச் சனிக்கிழமை அவர் பாண் வாளியோடு மறுமுனைக் கதவுக்குப் பின்னால் நின்றார். கூண்டு திறந்ததும் "வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விதானையார் அம்புபோல வந்தது. கயிறு கொம்பில் விழுந்தது, இன்னொன்று காலில் விழுந்தது, கண் இமைக்கும் நேரம் இழுபட்டு நின்றது, கயிறு தளர்ந்தது. மாடு தலையை ஒரு தடவை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் பயணத்தைத் தொடர்ந்து அத்தானிடம் வந்து சேர்ந்தது.

"கோவமோ என்னோட?" என்று கண்ணைத் திறக்காமல் பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார்.

"இல்லை அத்தான்."

"எப்பிடித் தெரியும்?"

"வாளிக்குள்ள தலையை விட்டிட்டார்."

போட்டி அன்று இருபது சோடிகளும் அந்த மாடுகளைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் இத்தனை ஓட்டம்தான் என்று காணிக்காரர் கறாராக இருந்தார். கொம்புப் பட்டிகளை அத்தான் தாமே சரிபார்த்தார். மத்தியானத்துக்குள் அகலத் தொப்பி வைத்த ஆண்களும் பெண்களும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று அத்தானை நோக்கி "வாங்கோ" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். அது கதவைத் திறக்கும் கட்டளை என்று நினைத்துக்கொண்டார்கள். லொறி வரவில்லை. அத்தான் வென்றுவிட்டார் என்று நாங்கள் மூவரும் நம்பினோம். அதன் பிறகு இரண்டு வருடம் சனிக்கிழமைகள் மாடுகளுக்கென்று ஆயின. அரங்கேற்றங்களுக்கு இடைவேளையில் போய்ச் சேர்ந்தோம். ஒரு கல்யாணத்தில், மாட்டு மணத்தோடு வந்த அத்தானுக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகவே இருந்தது.

2006இன் கடைசியில் காணிக்காரர் வந்து தேநீர் குடித்தார். மாடுகள் கனத்துவிட்டன, இழுத்தால் குதிரைக்குத் தோள் போகும் என்றார். கயிற்று மாட்டின் காலம் இரண்டு மூன்று வருடம்தான், வியாழக்கிழமை லொறி வருகிறது. பிறகு தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே ஒன்று கேட்டார். வழக்கமாக ஏற்றும்போது தடியும் நாயும் கூச்சலுமாக இருக்கும். அத்தான் லொறிக்குள் நின்று கூப்பிட்டால் அவை பயமில்லாமல் ஏறிவிடும். அவற்றுக்குத் தன்னால் செய்ய முடிந்த கடைசி நல்லது அதுதான் என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார், எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. அத்தான் சரி என்றார். போக வேண்டாம் என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை காலை அத்தான் விடுப்பு எடுத்திருந்தார். வாளியோடு லொறியின் சாய்தளத்தில் ஏறி, மாட்டுப் பெட்டியின் உள்முனைக்குப் போய் நின்று கூப்பிட்டார். விதானையார் முதலில் ஏறியது, மாப்பிள்ளை கடைசியாக ஏறியது. பழக்கத்தில் நேரம் பார்த்தேன், நான்கு நிமிடம். இத்தனை வருடத்தில் இப்படி ஏறிய மாட்டைத் தான் கண்டதில்லை என்றார் சாரதி. பக்கத்துச் சின்னக் கதவால் அத்தான் இறங்குவதற்காகக் காத்திருந்தார். அத்தான் இறங்கவில்லை.

முதலில் சப்பாத்து எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தோம். அக்கா பெட்டியின் கம்பிகளுக்கிடையில் எட்டிப் பார்த்தாள். ஆறு பெரிய உடம்புகளுக்கு நடுவில் அவருடைய தலையும் வாளியும் மட்டும் தெரிந்தன.

"இறங்குங்கோப்பா. மிதிச்சுப் போடும்."

"நான் கூப்பிட்டு வந்ததுகள்," என்றார் உள்ளேயிருந்து. குரல் உயரவில்லை. "கூப்பிட்ட ஆள் இறங்கிப் போகேலாது."

காணிக்காரர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். சாரதிக்கு அது விளங்கவில்லை, ஆளை வைத்துக்கொண்டு மாட்டுப் பெட்டியை வீதியில் எடுக்க முடியாது என்பது மட்டும் விளங்கியது. இவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று என்னைக் கேட்டார். என்னிடம் இருந்த தகவலை அப்படியே சொன்னேன். இன்று முழுநாளும் விடுப்பு, தொழில் பிசியோதெரபிஸ்ட், ஒருவர் ஓரங்குலம் நகர்வதற்காக அரை மணி நேரம் நின்று பழகியவர். அக்கா உள்ளே போய், நான்கு கோப்பைத் தேநீர் கொண்டு வந்தாள். ஒன்றைக் கம்பிகளுக்கிடையால் கொடுத்தாள். பெட்டிக்குள் ஓவசியர் ஒவ்வொரு கம்பியாக முகர்ந்துகொண்டிருந்தது.

காணிக்காரர் தேநீரை ஆற அமரக் குடித்தார். முடித்ததும் கோப்பையை வேலிக்கட்டையில் வைத்துவிட்டுப் போய், சாய்தளத்தைத் திரும்ப இறக்கினார்.

மாடுகளை இறக்கத்தான் நேரம் எடுத்தது. வாளியில் இன்னும் பாண் இருந்தது. சாரதி அதற்குள் தன் படிவத்தை லொறியின் இயந்திர மூடியின்மேல் வைத்து நிரப்பத் தொடங்கினார். படிவம் என்றால் நான் எட்டிப் பார்ப்பேன். ஏற்றிய மாடுகள் என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் பேனையை வைத்தபடி, ஆறு மாடுகளுக்குப் பின்னால் வெறும் வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்த அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, உரிமையாளர் இறங்க மறுத்துவிட்டார் என்று எழுதிக் காணிக்காரரிடம் கையெழுத்துக்கு நீட்டினார். காணிக்காரர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.